வள்ளத்தின் அடித்தட்டினுள்ளே ஒலித்தலை பொருத்துதலும் குளத்தின் ஆழம் அறிதலும்

ஊவா மாகாணத்தின் தாழ்நிலப் பகுதியாகிய மகியங்கனை, கிராந்துருக்கோட்டை ஆகிய இடங்களில் நெற்செய்கையோடு குளத்து மீன்பிடியையும் உபதொழிலாகக் கொண்ட கமக்காரர் பலர் உளர். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் குளங்களிற் பெருகியதன் பின்னரே இத்தொழில் நிலைபெற்றது. சொரபொர, உல்ஹிட்டிய போன்ற குளங்களில் துடுப்பினால் வலிக்கப்படும் கண்ணாடியிழை வள்ளங்களைக் காணலாம். இத்தகைய வள்ளத்தில் மீன்காட்டிக் கருவியைத் துளையிடாமற் பொருத்தும் முறையை இங்கு விளக்குவோம். மீனைக் காட்டுவதிலும் மேலான ஒரு பயன் அக்கருவிக்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கருவியின் தத்துவம் எளிது. ட்ரான்ஸ்டியூசர் எனப்படும் ஒலித்தலை, நம் செவிக்கு எட்டாத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகின்றது. அவ்வொலி குளத்தின் அடியிற் பட்டுத் திரும்புகின்றது. நீரில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லுமாதலால், 15 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர ஐம்பதில் ஒரு செக்கன் போதும். அந்நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கின்றது. ஒலிக்குப் பெரும்பகை காற்றாகும். நீரிலிருந்தோ திண்பொருளிலிருந்தோ காற்றுக்குள் நுழைய முற்படும் ஒலி முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். மயிரிழையளவு காற்றுப்படலமும் ஒலியைத் தடுக்கும். பொருத்தும் வேலையிற் கவனிக்கவேண்டியன அனைத்தும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

வள்ளத்தின் அடித்தட்டு, பொருத்தும் இடத்தில் ஒரே திண்மையான கண்ணாடியிழையாக இருத்தல் வேண்டும். இரு தட்டுகளுக்கிடையே நுரையோ இலேசான மரமோ வைத்துச் செய்யப்பட்ட வள்ளமாயின் ஒலி வெளிச்செல்லாது. மரவள்ளத்துக்கும் இம்முறை உதவாது. மரத்தின் நார்களுக்கிடையே காற்று உண்டு. அத்தகையோர் ஒலித்தலையை ஒரு சட்டத்திற் கட்டிப் பின்பக்கத்தில் நீருள் தொங்கவிடுதலே நன்று. இன்னும் ஒன்று: 455, 800 கிலோஹேட்ஸ் அளவில் இயங்கிப் படம்போற் காட்டும் புதுவகை ஒலித்தலைகள் அடித்தட்டினூடே செவ்வனே வேலை செய்யா. 200 கிலோஹேட்ஸ் வகையே நமக்கு ஏற்றது. விலை கூடியதெல்லாம் சிறந்ததென்று எண்ணி வாங்கி ஏமாறுதல் கூடாது.

பசை பூசுமுன் சோதித்தல் அவசியம். வள்ளத்தைச் சுமார் 3 மீற்றர் ஆழமுள்ள இடத்தில் நிறுத்தி, ஒலித்தலையை வெளியே நீரில் தொங்கவிட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் வள்ளத்தினுள் சிறிது நீர் ஊற்றி, ஒலித்தலையை அந்நீரில் அமிழ்த்தி அடித்தட்டோடு அழுத்திப் பிடித்துப் பார்க்க. இரு ஆழமும் ஒத்திருப்பின் இடம் தகுந்தது. எண் தடுமாறினாலோ திரை மங்கினாலோ ஒரு சாண் தள்ளி மீண்டும் பார்க்க. பொதுவாகப் பின்பக்கமாக, ஏராவுக்கு அண்மையில், எந்நேரமும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் சமமான இடமே பொருத்தமாகும். ஒலித்தலை நேர்க்கீழாக நோக்குதல் வேண்டும்.

இடம் தெரிந்தபின், வள்ளத்தைக் கரையேற்றி நன்கு உலரவிடுக. உட்புறத்திலுள்ள நிறப்பூச்சைச் சுரண்டி நீக்கி, உப்புத்தாளினால் மட்டமாகத் தேய்த்து, அசற்றோன் தோய்த்த துணியாற் துடைக்க. மெதுவாக இறுகும் எப்பொக்சிப் பசையை நிதானமாகக் கலக்க வேண்டும். முட்டை அடிப்பதுபோல் அடித்தாற் காற்றுக்குமிழிகள் சேர்ந்துவிடும். இறுகும்போது நுரைத்துப் பொங்கும் பசைகளைத் தொடவே வேண்டா. அடித்தட்டிலும் ஒலித்தலையின் முகத்திலும் பசையிட்டு, ஒலித்தலையைச் சற்றுத் திருகித் திருகி அழுத்துக. உள்ளிருக்கும் காற்று விளிம்பு வழியே வெளியேறும். அதன்மேல் பாரம் வைத்து ஒரு நாள் நிழலில் அசையாது விடுக. நிலையாக ஒட்ட விரும்பாதோர், சிறு குழாய்த்துண்டொன்றை அடித்தட்டில் நிறுத்தி ஒட்டி, அதில் நீர் நிரப்பி ஒலித்தலையை உள்ளே இறக்கலாம். நீர் வற்றாமற் பார்த்துக்கொள்வதே இதிலுள்ள தொல்லை.

கருவிக்கு 12 வோல்ற்றுப் பற்றரியும் இடையில் ஓர் உருகியும் வேண்டும். ஒலித்தலையின் கம்பி நீளமென்று வெட்டுதல் கூடாது, சுருட்டி வைத்துவிடுக.

இனி, நாம் முன்னர்க் குறித்த பயன். குளத்தின் ஆழத்தை அறிவது வயலுக்கு உரிய நீரை அறிவதாகும். வெலிமடை, ஊவாப் பரணகமைப் பகுதிகளின் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்யப்படும் நிலத்திலிருந்தும், பழைய தேயிலைத் தோட்டங்களின் வெற்றிடங்களிலிருந்தும் கரைந்த மண்ணை உமா ஓயா சுமந்து செல்கின்றது. அது மகாவலியிற் கலக்கும் இடத்தில், 1990ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற ரந்தம்பை நீர்த்தேக்கத்திலே அம்மண் பெருமளவிற் படிந்துள்ளது. மேட்டுநிலத்தில் வரம்பின்றிப் பாத்தி கட்டுபவரும் பள்ளத்தில் நீருக்குக் காத்திருப்பவரும் ஒரே மண்ணின் இரு முனையில் நிற்கின்றனர். சிறுகுளங்களிலும் இஃதே சிறிய அளவில் நிகழ்கின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 ஹெக்டர் பரப்புள்ள குளத்தில் 10 சென்ரிமீற்றர் மண்டி படிந்தால், 1,00,000 கனமீற்றர் நீருக்குரிய இடம் போய்விடும். சிறுபோகத்தில் வயலுக்கு ஒரு மீற்றர் உயர நீர் தேவையெனக் கொண்டால், அது 10 ஹெக்டர் வயலின் நீராகும்.

ஆதலின் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் கூடி ஆண்டுக்கொருமுறை குளத்தை அளந்து வைத்தல் நலம். குளக்கட்டிலிருந்து எதிர்க்கரையிலுள்ள நிலையான அடையாளம் ஒன்றை நோக்கி வள்ளத்தை நேராக ஓட்டி, இத்தனை துடுப்புக்கு ஒருமுறை என ஆழத்தைக் குறிக்க. அன்றைய நீர்மட்டத்தை மடையிலுள்ள அளவுகோலிற் பார்த்து உடன் எழுதாவிடில், அவ்வாழங்கள் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவா. நீர்மட்டத்துக்குக் கீழே ஒலித்தலை இருக்கும் ஆழத்தையும் ஒவ்வோர் எண்ணோடும் கூட்டுதல் வேண்டும்.

கருவி கூறுவதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நீர்ப்பாசி அடர்ந்த இடத்தில் பாசியின் தலையையே அடியென்று காட்டும். ஒலி கூம்புபோல் விரிவதால், 20 பாகை விரிவுள்ள ஒலித்தலை 6 மீற்றர் ஆழத்தில் சுமார் 2 மீற்றர் அகலத்தைப் பார்க்கும். சரிவான இடத்தில் அவ்வட்டத்தின் மேடான பக்கத்தையே ஆழமாகக் காட்டும். எனவே நான்கைந்து இடங்களிற் கயிறு விட்டு ஒப்புநோக்குக. வெறும் ஈயக்குண்டு இளமண்டியிற் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டுமாதலால், கயிற்றின் நுனியில் அகன்ற தட்டையான இரும்புத் தகடொன்றைக் கட்டி மெதுவாக இறக்குதல் வேண்டும்.