மழலைக்கு ஒரு பதில்

ஆறேழு மாதக் குழந்தையின் காது எந்த நாட்டு மொழிக்கும் தயாராக இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இதை ஆய்வில் காட்டினார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள்: நாக்கை வளைத்துச் சொல்லும் 'ட', பல்லைத் தொட்டுச் சொல்லும் 'த'. ஒலி மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்தில் ஒரு பொம்மை வெளிச்சத்தில் ஆடும். எட்டு மாதம் வரையிலான குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. பத்து மாதத்துக்குப் பிறகு அந்தத் திறன் வெகுவாக மங்கிவிட்டது. வீட்டில் புழங்கும் ஒலிகளில் மூளை கூர்மையாகிறது, மற்றவை கைநழுவுகின்றன.

அப்படியானால், ஒலி காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதுமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வாளர் பேட்ரீஷியா கூல் இதற்கு விடை தேடினார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். அதே ஆட்கள், அதே விளையாட்டு, வேறு குழந்தைகளுக்குத் திரையில் மட்டும் காட்டப்பட்டது. நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தன. திரையைப் பார்த்தவை எதுவும் கற்கவில்லை. 2003இல் வெளியான இந்த முடிவு பலரைத் திகைக்கவைத்தது.

நேரில் கிடைப்பதில் எது உதவுகிறது என்பதற்கு, அதே ஆண்டு வெளிவந்த ஆய்வாளர் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழுவின் ஆய்வு ஒரு துப்புத் தந்தது. எட்டு மாதக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, அம்மாக்கள் காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்தார்கள். குழந்தை குரல் கொடுத்த மறுகணம் சில அம்மாக்களுக்குக் குறிப்பு போகும்: கிட்டே போய்ச் சிரியுங்கள், தொடுங்கள். மற்ற அம்மாக்களும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் குழந்தையின் குரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகளின் மழலை மட்டும், சற்று நேரத்திலேயே, பேச்சை நெருங்கிய அசைகளாக மாறியது.

பதில் பேச்சின் பங்கு மழலையோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரை ஆராய்ந்தார்கள். பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசியது அதிகமான வீடுகளில், கதை கேட்கும்போது பிள்ளையின் மூளையிலுள்ள மொழிப் பகுதி கூடுதலாக இயங்கியது. வீட்டு வருமானத்தையும், காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையையும் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நீடித்தது.

ஆகவே, பேச்சு வரட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் கைப்பேசியைத் தள்ளிவையுங்கள். குழந்தை "ங்கா" என்றால் முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதன் முறைக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.