இந்த நாவலைப் படித்துப் பாருங்களேன்!

"அக்கா, அழ வைக்காத புத்தகமா ஒண்ணு சொல்லுங்களேன்!"

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாவல் அலமாரிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். நான் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. சமையலை முடித்து, வீட்டில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போய் வருவது பல வருஷப் பழக்கம். அதனால் நூலகரே, "அந்த அம்மாவைக் கேளுங்க, சொல்வாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்.

கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லக்ஷ்மி, சிவசங்கரி, ரமணிசந்திரன் என்று படித்து வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். புது நாவல் எதையாவது எடுத்து நீட்டினால், "விருது வாங்கின புத்தகமா? ஐயோ, நமக்குப் புரியாதுங்க" என்று பின்வாங்குவார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. ஆனால், அதைச் சொல்லும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இமையம் எழுதிய 'செல்லாத பணம்' 2018-ல் வெளிவந்த நாவல். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டார் எவ்வளவோ தடுத்தும் கேளாமல் ஓர் ஆட்டோ டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கையில் பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வெளியே தவித்து நிற்கிறது பெற்ற வயிறு. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அந்தச் சூட்டோடு பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கையில், "ரொம்ப நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று திணித்துவிட்டேன்.

மூன்றாம் நாளே புத்தகம் திரும்பி வந்தது. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "ஏம்மா, இதுக்குள்ளே என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை முன்னாலே சொல்லக் கூடாதா?" என்றார். அவருடைய தங்கை இருபது வருஷங்களுக்கு முன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாளாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அன்று சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்கும்போது, "சர்க்கரை போடலாமா?" என்று கேட்கிறோம். புத்தகம் கொடுக்கும்போது மட்டும் ஏன் கேட்பதில்லை? சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறைக்கே தந்தை எனப் பெயர் பெற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் சேர வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் செய்தது அதற்கு நேர் எதிர். எனக்குப் பிடித்ததை அவர் தலையில் கட்டினேன்!

அதற்குப் பிறகு, கேட்டுக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். அப்படிக் கொடுத்துப் பலன் கண்டவற்றில் நான்கை மட்டும் சொல்கிறேன்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு நேரம் கிடைப்பது குழந்தை தூங்கும் அரைமணிதான். அவர்களுக்குப் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). வயதான தம்பதியிடம் வந்து சேரும் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியின் வாழ்க்கை. சின்னப் புத்தகம், எளிய நடை. ஆட்டுக்கதைதானே என்று எடுத்தால், தாய்மை, பசி, பிரிவு எல்லாம் வந்துவிடும். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டவளின் பாட்டைப் படித்த இளம் தாய் ஒருத்தி, "அக்கா, என் கதையையே ஆட்டை வச்சு எழுதியிருக்காரே" என்றாள். முடிவு மனசைப் பிசையும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கிராமத்தில் பிறந்து டவுனில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு சோ. தர்மனின் 'சூல்' (2016). 2019-ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடி என்ற கரிசல் கிராமத்தின் கண்மாய்தான் இதில் கதாநாயகி. நிறைந்து கிடந்த கண்மாய் எப்படிப் பாழானது என்பதை ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்கலாம். கனமான புத்தகம், கரிசல் பேச்சு வேறு. அவசரப்படாமல் தினம் பத்துப் பக்கம் போதும். ஒரு வீட்டில் மருமகள் வாய்விட்டுப் படிக்க, கண் மங்கிய மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாராம்.

உறவு, பகை, சாவுவீடு, சமாதானம் என்று குடும்பக் கதை கேட்பவர்களுக்குத் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2020). 2023-க்கான அகாதெமி விருது இதற்கு. கொங்குநாட்டு நாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமா இறந்துபோக, சிதறிய சொந்தங்கள் கூடுகின்றன. பேர்கள் நிறைய வரும். ஒரு துண்டுக் காகிதத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று குறித்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

பெண் மனசைப் பூசி மெழுகாமல் சொல்லும் கதை வேண்டுமென்றால் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). மற்றவற்றைவிடச் சற்றுப் பழசு, ஆனாலும் விடக் கூடாது. சிறு வயதிலேயே பள்ளிக்கூடம் போவது நிறுத்தப்பட்டவர் சல்மா. ஒரு சிற்றூரின் முஸ்லிம் பெண்கள் நாலு சுவருக்குள் பேசிக்கொள்வதை அப்படியே எழுதியிருக்கிறார். உடம்பைப் பற்றிய பேச்சு வெளிப்படையாக இருக்கும். அதைச் சொல்லித்தான் கொடுப்பேன். கூச்சப்படுகிறவரை வற்புறுத்துவதில்லை.

நீங்களும் சிநேகிதிக்குப் புத்தகம் சொல்லப் போகிறீர்களா? கடைசியாகக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தது எது என்று முதலில் கேளுங்கள். கதையின் முடிவைச் சொல்லாதீர்கள். ஆனால் சாவு, வன்முறை, குழந்தை இழப்பு இருந்தால் மறைக்காதீர்கள். முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்ட புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நாம்தானே கட்டுகிறோம்!

அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? இரண்டு மாதம் நூலகப் பக்கமே வரவில்லை. ஒருநாள் வந்து, அலமாரிக்கு முன்னால் என் பக்கத்தில் நின்றார். நான் 'பூனாச்சி'யை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். "அது இருக்கட்டும். அன்னிக்குத் திருப்பிக் கொடுத்தேனே, அது இருக்கா? பாதியிலே விட்டுட்டேன். எங்க வீட்டிலே அவளைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்லை. அந்தப் புத்தகத்திலேயாவது ஒருத்தர் பேசறாரே" என்றார்.

இந்த முறை நான் திணிக்கவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.