6 × 50 @ 1:45: நீச்சல் பயிற்சிக் குறிப்பைப் படிப்பது எப்படி?

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நீச்சல் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் தடை தண்ணீர் பயம். அதைத் தாண்டி, நிற்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் பழகியதும் அடுத்த தடை வந்து நிற்கும். அதுதான் கோச் பலகையில் எழுதிப்போடும் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சிக் குறிப்பு. உதாரணத்துக்கு:

வார்ம்-அப்: 200 ஈஸி
4 × 25 கிக், 20 நொடி ஓய்வு
6 × 50 ஃப்ரீ @ 1:45
கூல்-டவுன்: 100 ஈஸி

கணக்குப் பாடம் மாதிரி தெரிந்தாலும், இதில் இருப்பது மூன்றே தகவல்கள்தான். எத்தனை தடவை, எவ்வளவு தூரம், எவ்வளவு ஓய்வு. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பாதியிலேயே மூச்சு வாங்கிக் கரையேற வேண்டியதுதான்.

தூரம்: லேப் என்றால் எவ்வளவு?

இங்கே தூரம் எல்லாமே மீட்டரில். ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். 'ஷார்ட் கோர்ஸ்' குளம் 25 மீட்டர். ஆக, 200 என்றால் பெரிய குளத்தில் 4 நீளம், சின்னதில் 8 நீளம். அபார்ட்மென்ட் குளம் இதைவிடச் சிறியதாக இருக்கலாம் என்பதால் முதலில் அதன் நீளத்தைக் கேட்டுவிடுங்கள்.

'லேப்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஒருமுறை கடப்பதைச் சிலர் லேப் என்பார்கள். போய்த் திரும்புவதுதான் லேப் என்பார்கள் வேறு சிலர். "பத்து லேப் போடுங்க" என்றால் எந்தக் கணக்கு என்று கேட்காவிட்டால் தூரம் இரண்டு மடங்காகிவிடும்.

ஓய்வா, இன்டர்வெலா?

'20 நொடி ஓய்வு' என்றால் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் சுவரைத் தொட்டபின் 20 நொடி நிற்கலாம்.

'@ 1:45' அப்படியல்ல. அது 50 மீட்டரை முடிக்க வேண்டிய நேரமும் இல்லை, ஓய்வு நேரமும் இல்லை. ஒரு புறப்பாட்டுக்கும் அடுத்த புறப்பாட்டுக்கும் இடையே உள்ள நேரம். இதைத்தான் இன்டர்வெல் என்கிறார்கள். 1:20-ல் முடித்தால் 25 நொடி ஓய்வு. 1:35 ஆனால் 10 நொடிதான். 1:50 ஆகிவிட்டால் ஓய்வே கிடையாது. அடுத்த ரவுண்டுக்கு ஏற்கெனவே லேட்!

குளத்தின் ஓரம் இருக்கும் பேஸ் கிளாக்கில் நொடி முள் 60-ல் இருக்கும்போது கிளம்பினால், அடுத்தது 45-ல், பிறகு 30-ல், அதன்பின் 15-ல் கிளம்ப வேண்டும்.

ஓய்வு குறைந்தால் என்ன ஆகும்? காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. களைத்ததும் கால் கீழே இறங்கும், தண்ணீரின் தடை கூடும், அதே தூரத்துக்கு இன்னும் அதிக சக்தி செலவாகும். அதனால் ஓய்வு எடுப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் பயிற்சியின் ஒரு பகுதி. சமாளிக்க முடியவில்லையா? இன்டர்வெலை 2:00 ஆக்குங்கள், அல்லது 50-க்குப் பதில் 25 போடுங்கள்.

அடிக்கடி வரும் மற்ற சொற்கள்

கிக்: கால் மட்டும் வேலை செய்யும். பெரும்பாலும் கையில் கிக்போர்டு இருக்கும்.

புல்: கை மட்டும். தொடைகளுக்கு நடுவே 'புல் பாய்' என்ற மிதவை.

டிரில்: நீச்சல் அசைவின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் பயிற்சி. இதில் வேகம் முக்கியமில்லை.

ஐஎம்: பட்டர்ஃபிளை, பேக், பிரெஸ்ட், ஃப்ரீ என்ற வரிசையில் நான்கு வகை நீச்சலும்.

பில்ட்: ஒரே 50-க்குள் மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிப்பது.

டிசெண்ட்: ஒவ்வொரு 50-ம் முந்தையதைவிட வேகமாக. இறங்க வேண்டியது நேரம்தான், வேகம் இல்லை.

நெகட்டிவ் ஸ்ப்ளிட்: முதல் பாதியைவிட இரண்டாம் பாதி வேகமாக.

இதில் மட்டும் அவசரம் வேண்டாம்

'ஹைபாக்ஸிக்' என்று எழுதியிருந்தால், 5 அல்லது 7 கைவீச்சுக்கு ஒருமுறைதான் மூச்சு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். புதிதாக நீந்துபவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யவே கூடாது. அதற்கு முன் வேக வேகமாக மூச்சு இழுத்து விடுவது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் 'மூச்சு வேண்டும்' என்ற எச்சரிக்கை தாமதமாகும். முன்னறிகுறி இல்லாமலே தண்ணீருக்குள் மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

மேலே உள்ள உதாரணத்தைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 700 மீட்டர். முதல் வாரமே அதை முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 6 × 50-ஐ 3 × 50 ஆக்கினாலும் அது முழுமையான பயிற்சிதான். ஆனால் வார்ம்-அப்பையும் கூல்-டவுனையும் மட்டும் வெட்டாதீர்கள். குறிப்பில் ஏதாவது புரியவில்லை என்றால் தண்ணீரில் இறங்கும் முன்பே கோச்சிடம் கேட்டுவிடுங்கள். நடுக் குளத்தில் கேட்க மூச்சு இருக்காது!