லாகோஸ் மணப்பெண் ஏன் பொலிஸுக்குப் போகவில்லை?

அகதி விசாரணைகளிலே நம்மவர் பலர் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுண்டு: "உமக்கு ஆபத்து இருந்ததென்றால், உமது நாட்டுப் பொலிஸில் ஏன் முறையிடவில்லை?" கேட்கும் அதிகாரிக்கு அது இயல்பான கேள்வி. பதிலளிக்க வேண்டியவருக்கோ, எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியாத கேள்வி. அதற்கு ஒரு கற்பனைக் கதையின் மூலம் விடை சொல்லும் நைஜீரியத் தொடரொன்றை அண்மையில் பார்த்தோம்.

'பிளட் சிஸ்டர்ஸ்' என்பது அதன் பெயர். 2022 மே 5ஆம் திகதி நெற்பிளிக்ஸில் வெளியான, நான்கே பாகங்கள் கொண்ட குற்றத் தொடர் இது. தயாரித்தவர் மோ அபுடு; இயக்கியோர் பியி பண்டேலேயும் கெனத் கியாங்கும்.

லாகோஸ் நகரின் செல்வக் குடும்பமொன்றின் மகன் கோலா. அவனை மணக்கவிருக்கும் சாரா, திருமணத்திற்கு முன்னரே அவனிடம் அடிவாங்குகிறாள். திருமணத்தை நிறுத்துவதற்கு அவளுக்கு வீட்டாரின் துணை கிடைக்கவில்லை. ஆடம்பரமான மணவிழாவின்போது அவன் மீண்டும் அவளைத் தாக்க, தோழி கெமி தடுக்க முனைகிறாள். கைகலப்பில் கோலா உயிரிழக்கிறான். தோழியர் இருவரும் உடலை மறைத்துவிட்டு ஓடுகின்றனர்.

தற்காப்புக்காக நேர்ந்த கொலையை ஏன் மறைக்க வேண்டும்? பார்ப்பவர் மனத்தில் எழும் இவ்வினாவுக்குத் தொடர் நீண்ட வசனம் எதனையும் எழுதவில்லை. கோலாவின் தாயாகக் கேட் ஹென்ஷோ திரையில் தோன்றும் தோரணையே போதுமானதாக இருக்கிறது. பணமும் செல்வாக்கும் அந்த வீட்டில் இருக்கின்றன. தம் சொல் அங்கே எடுபடாதென்பது இரு பெண்களுக்கும் தெரியும். சாராவாக இனி டிமா ஒகோஜியும் கெமியாக நான்சி இசிமேயும் அந்த அச்சத்தை மிகைப்படுத்தாமல் நடித்திருக்கின்றனர். பிற்பாகங்களில் துரத்தலும் தற்செயல்களும் மலிந்து கதை தளர்கின்றதாயினும், இவ்விருவரின் நட்பு நம்மை இறுதிவரை இருத்திவிடுகிறது.

அந்த அச்சத்திற்கு வெளியுலகச் சான்றும் உண்டு. நைஜீரியப் பொலிஸின் கொள்ளைத் தடுப்புச் சிறப்புப் பிரிவான 'சார்ஸ்', சித்திரவதைக்கும் பணப்பறிப்புக்கும் பெயர்போனது. 2020 ஒக்டோபரில் இளைஞர்கள் அதற்கெதிராகத் தெருவில் இறங்கினர். அப்பிரிவு கலைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆயினும் அம்மாதம் 20ஆம் திகதி லெக்கி சுங்கச் சாவடியில் கூடியிருந்தோர் மீது படையினர் சுட்டனர். சட்டம் இல்லாமலும் இல்லை. வீட்டு வன்முறைக்கெதிராக லாகோஸ் மாநிலம் 2007இலேயே சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2015இல் இயற்றியது. ஏட்டிலே சட்டம் இருப்பதும், அடிபட்டவள் அதை நம்பிப் படியேறுவதும் வேறுவேறு விடயங்கள் அல்லவா?

நைஜீரியர் என்றதும் மோசடியையே நினைப்போர் நம்மிடையேயும் உளர். குற்றத் தொடரொன்று அவ்வெண்ணத்தை வளர்க்காதா என்று ஐயுறலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இங்கே குற்றவாளிகளும் நைஜீரியர். அவர்களிடமிருந்து தப்பத் துடிப்போரும், துணைநிற்போரும் நைஜீரியரே. ஓர் இனத்தை ஒரே முத்திரையால் அடையாளப்படுத்தும் வழக்கத்தின் கொடுமையை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை.

இயக்குநர் பண்டேலே, பியாஃப்ராப் போர்க்காலத்தைப் பற்றிய 'ஹாஃப் ஒஃப் எ யெலோ சன்' என்ற படத்தை 2013இல் தந்தவர். இத்தொடர் வெளிவந்து மூன்று மாதங்களில், 2022 ஓகஸ்ட் 7இல், லாகோஸில் காலமானார். 1992இல் ஒளிநாடாவில் வந்த 'லிவிங் இன் பொண்டேஜ்' படத்தின் வெற்றியோடு வளரத் தொடங்கிய நைஜீரியத் திரைத்துறை எவ்வளவு தூரம் வந்துவிட்டதென்பதற்கு அவரது பணி சான்று.

இத்தொடர் நம்மை நோக்கியும் ஒரு கேள்வியை வைக்கிறது. கணவனால் வரவழைக்கப்பட்டு, வதிவிட உரிமைக்கும் அவனையே நம்பியிருக்கும் பெண்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் ஒருத்தி அடிபட்டு வெளியே வந்தால், "இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?" என்று முதலில் கேட்பவர்கள் நாமாகவே இருக்கிறோம். விசாரணை மேசையின் முன் நம்மை ஊமையாக்கிய கேள்வி அது. அதையே அவளிடம் கேட்பதற்கு முன், அவள் வந்து சொல்லக்கூடிய கதவு எதையாவது நாம் திறந்து வைத்திருந்தோமா?