பிளக் மரை உரிந்தால் ஹெட்டே போய்விட்டதா?

தோட்டத்து அன்பர்களுக்கு மோட்டார் சைக்கிள் சொகுசுப் பொருள் அல்ல. பிரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர, பிள்ளையைப் பள்ளியில் விட, டவுனில் மருந்து வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் நமக்குக் கால். அந்தக் காலை ஒரு தடவை நானே ஒடித்திருக்கிறேன். அதுவும் என் வண்டி அல்ல, அடுத்த வீட்டு வண்டி.

1984-ஆம் ஆண்டு. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா பால்மரம் வெட்டுகிறவர். கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன ஹொண்டா சி70-ஐத் தானே ஓட்டிப் பழகி, மூன்று கட்டை தள்ளியிருந்த டிவிஷனுக்கு அதில்தான் போய் வந்தார். ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தவர், "தம்பி, வண்டி ரெண்டு நாளா இருமுது. கொஞ்சம் பார்த்துக் குடுய்யா" என்றார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வண்டி வேலை எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எஞ்சின் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிளக்கைச் சுற்றிக் காய்ந்த செம்மண். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஒரு நீளமான ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பு. 'கிரீச்' என்றது. லேசாகக் கழன்று வர வேண்டிய பிளக், கடைசிச் சுற்று வரை முரண்டு பிடித்துக்கொண்டே வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் மரையில் வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஹெட்டில் இருந்த மரை!

புதுப் பிளக்கைப் போட்டேன். அது இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, நிற்கிறவரை நிற்கட்டும் என்று உதைத்தேன். இரண்டாவது உதையில் 'டப்' என்று பிளக் தெறித்து வந்து ஒயரில் தொங்கியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் அக்கா மூன்று கட்டையும் நடந்துதான் வேலைக்குப் போனார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு டவுன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஹெட் மாத்தணும், வேற வழியில்லை" என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு நான் யாரிடம் போய்க் கடன் கேட்பது? திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி சொன்னவர் எங்கள் தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சூட்டுல கழட்டுனியா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஹெட் அலுமினியக் கலவை, பிளக்கின் உடம்பு எஃகு. அலுமினியம் மெதுவானது. சூடேறினால் எஃகைப் போல் ஏறத்தாழ இரண்டு பங்கு விரியும். சூட்டில் அதன் பலமும் குறையும். அந்த நேரத்தில் மரையில் மண்ணோ, கரியோ சிக்கியிருந்தால், திருகத் திருக அது அரம் மாதிரி ஹெட்டின் மரையை ராவிக்கொண்டு வரும். தவறான பிளக்கைப் போடுவது இன்னொரு காரணம். சி70-க்கு உரியது 10 மி.மீ. குறுக்களவும் 12.7 மி.மீ. மரை நீளமும் உள்ள பிளக். கையில் கிடைத்த நீளப் பிளக்கைப் போட்டால், அதன் நுனி மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நின்று கரி பிடிக்கும். கழற்றும்போது அந்தக் கரியோடு ஹெட் மரை வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? சில நீளப் பிளக்குகள் பிஸ்டனையே இடித்துவிடும்.

"கொஞ்சம் பசை தடவி இறுக்கிடலாமா மாமா?" என்று கேட்டேன். நூல் சுற்றுவது, பசை போடுவது, தகரத் துண்டு செருகுவது என்று நம் ஆட்கள் செய்யாத வைத்தியம் இல்லை. மாமா சிரித்தார். முழு வேகத்தில் எரியும்போது எரியறையில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறும். 10 மி.மீ. பிளக்கின் அடியில் அது சுமார் 30 கிலோ இடி. எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால், வினாடிக்கு 50 தடவை அந்த இடி விழும். பசை எத்தனை இடி தாங்கும்? போதாக்குறைக்கு, பிளக் தன் சூட்டை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. நடுவில் பசை இருந்தால் சூடு இறங்காது, பிளக் கனலும்.

முதல் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்தாலே போதும். எங்களுடையது அடியோடு உரிந்தது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, எஃகில் கடைந்த புஷ் ஒன்றை ஹெட்டில் திருகி, அதற்குள் பிளக் போடுவது. மற்றது 'ஹெலிகாயில்' என்கிற கம்பிச் சுருள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுருட்டியிருப்பார்கள். அதன் வெளிப்பக்கம் ஹெட்டில் பிடிக்கும், உள்பக்கம் பிளக்குக்கு மரையாக நிற்கும். மாமா கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சொல்லி, சுருளையும் அதற்குரிய டேப்பையும் வரவழைத்தார்.

ஹெட்டைக் கழற்றாமலே செய்துவிடலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. டேப்பில் கிரீஸ் அப்பி, தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறவர்கள் உண்டு. ஆனால், ஒரே ஒரு துணுக்கு உள்ளே விழுந்து சிலிண்டர் சுவரைக் கீறினால், அல்லது வால்வின் அடியில் மாட்டினால், ஹெட்டைக் காப்பாற்றப் போய் எஞ்சினை இழந்த கதையாகிவிடும். ஆக, ஹெட் இறங்கியது.

ஓட்டையைப் பத்தேகால் மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, சுருளுக்கான டேப்பை விட வேண்டும். இங்கேதான் மாமாவின் கைத்திறனைப் பார்த்தேன். ஹெட்டை டிரில் மெஷினின் மேசையில் வைத்து, பிளக் உட்காரும் வட்ட முகத்தை மூலைமட்டம் பிடித்து நேராக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். டேப்பை மெஷினின் வாயில் மாட்டினார். ஆனால், ஸ்விட்சைப் போடவில்லை! கையாலேயே சுற்றினார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், நடுநடுவே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். "மரை கோணலாப் போனா வாஷர் ஒரு பக்கம்தான் உக்காரும். மறு பக்கம் காத்து ஓடும்" என்றார்.

சுருளை அதற்குரிய கருவியில் மாட்டித் திருகி, மேல் முகத்துக்குக் கால் சுற்று கீழே இறங்கும்படி நிறுத்தினார். மேலே துருத்தினால் வாஷர் உட்காராது. அடியில் எரியறைக்குள் நீட்டினால் நுனி பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். சுருளின் அடியில், திருகுவதற்காக மடித்துவிட்ட சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதைக் குறடால் ஒடித்து வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது கையில இருக்குன்னா உள்ள இல்ல. பாத்துக்கோ." பிறகு புது கேஸ்கட். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். சங்கிலிப் பல்சக்கரத்தின் குறியையும் ஃபிளைவீலில் உள்ள 'டி' குறியையும் சரி பார்த்தோம். பிளக்கைப் போட்டு, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றி உதைத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

டவுனில் இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: ஓட்டையைப் பெரிதாக்கி 12 மி.மீ. பிளக் போட்டுவிடலாம் என்று. இவ்வளவு சின்ன ஹெட்டில் எனக்கு அது பிடிக்காது. பிளக் ஓட்டைக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஏற்கெனவே மெலிசு. அதில் விரிசல் விட்டிருந்தால் சுருளும் உதவாது, புஷ்ஷும் உதவாது. அப்போது கடைக்காரர் சொன்னபடி ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். புல்வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் 14 மி.மீ. பிளக் இருக்கும், மரை நீளம் குறைவு, ஆகவே சீக்கிரம் உரியும்.

வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது அக்கா என்னைத் திட்டவில்லை. "பிளக் எப்படிப் போடுறதுன்னு எனக்கே காட்டிக் குடுத்துடு தம்பி, இனிமே நீ தொடாதே" என்றார், அவ்வளவுதான். மாமாவிடம் கற்றதை அப்படியே காட்டினேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முதலில் சைக்கிள் பம்ப்பால் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ள வேண்டும். போடும்போது ஸ்பேனர் கூடாது, விரலாலேயே கடைசி வரை திருக வேண்டும். விரலுக்கு வராவிட்டால் கழற்றி மறுபடியும் போட வேண்டும். வாஷர் முட்டிய பிறகு வண்டியோடு வந்த குழாய் ஸ்பேனரைப் போட வேண்டும். புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, கடிகாரத்தில் 12-இலிருந்து 6 வரை. பழைய பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். 12-இலிருந்து 1 வரை போதும். மரையில் கிரீஸ் தடவவும் கூடாது. வழுக்கிக்கொண்டு நம்மை அறியாமல் கூடுதலாக இறுகிவிடும்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில், விடிந்ததும் அக்கா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, பிளக்கை இரண்டு விரலால் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.