ஒரு சென்டிமீட்டர் முன்னே, ஒரு சென்டிமீட்டர் பின்னே

ஃபாயில் போர்டைக் கவிழ்த்துப் போட்டால், அடிப்பக்கத்தில் 9 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தடங்கள் இணையாக ஓடுவது தெரியும். ஒரு தட்டை நாலு போல்ட்டுகளால் அந்தத் தடங்களில் பிணைக்கிறார்கள். தட்டிலிருந்து கீழே இறங்கும் தண்டுக்கு மாஸ்ட் என்று பெயர். மாஸ்ட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு குழல்; அதன் முன்முனையில் பெரிய இறக்கை, பின்முனையில் சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும் இறக்கைகள் தண்ணீருக்குள்ளேயே இருக்க, பலகையும் ஆளும் மேலே எழும்பிப் பறக்கிறார்கள். போல்ட்டுகளைத் தளர்த்தினால் தட்டு முன்னும் பின்னும் நகரும். அதை எங்கே நிறுத்தி முடுக்குவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

இறக்கையால் தண்ணீரை விட்டு எழும்புவது பழைய யோசனைதான். இத்தாலியரான என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-இல் மஜ்ஜோரே ஏரியில் இப்படியொரு படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் குழு கட்டிய எச்டி-4 படகு 1919-இல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்தப் படகுகளில் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. படகு உயர உயர மேலடுக்குகள் நீரை விட்டு வெளியே வந்துவிடும். தூக்குவிசை தானாகக் குறையும். ஹவாயில் அலைச்சறுக்கு வீரர் லெயர்ட் ஹாமில்டன் ராட்சத அலைகளில் ஓட்டிப் பார்த்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடல்வரை வந்துவிட்ட பலகைகளுக்கு அந்த வசதி கிடையாது. ஒற்றை மாஸ்ட், முழுக்க மூழ்கிய இறக்கை. உயரம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் உடல் எடைதான்.

அந்த எடை எங்கே விழ வேண்டும்? இந்தப் பலகைக்கு ஒன்றல்ல, இரண்டு சமநிலைகள் உண்டு. மெதுவாகப் போகும்போது அதைத் தாங்குவது மிதப்பு விசை. அதன் மையம் பலகையின் பருமன் அதிகமாக இருக்கும் நடுப்பகுதியில் அமைகிறது. பறக்கத் தொடங்கிய மறுகணம் பலகைக்கு மிதப்பே இல்லை. மொத்தப் பாரத்தையும் முன் இறக்கை ஏற்றுக்கொள்கிறது; தாங்கும் புள்ளி அந்த இறக்கையை ஒட்டிய இடத்துக்கு மாறிவிடுகிறது. மிதக்கையில் வசதியாக நின்ற கால்கள் இந்தப் புதிய புள்ளிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், எழும்பும்போதே மூக்கு மேலே எகிறும். முன்னால் தள்ளி நின்றாலோ பலகை எழும்பவே மறுக்கும். நல்ல அமைப்பில், எழும்பும் நேரத்தில் காலை மாற்றி வைக்க வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.

தோளில் காவடித் தண்டு சுமப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்தான் இறக்கை, இருபுறமும் தொங்கும் பானைகள்தான் முன்கால், பின்கால் மீதான பாரங்கள். தோளை ஒரு பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கத்துப் பானையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். எவ்வளவு என்று கணக்கிட்டும் பார்க்கலாம். ஆளின் எடை 75 கிலோ, இரு பாதங்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினால், எடையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 1.25 கிலோ, பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற வேண்டும். சின்னத் தொகைதான். ஆனால் அரை மணி நேரம் முழங்காலை மடக்கி நிற்பவரின் தொடை அதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஆகவே சோதனையும் காலில்தான். வழக்கமான வேகத்தில் போகும்போது பலகையை அடக்க முன்காலை ஓயாமல் அழுத்த வேண்டியிருக்கிறதா? இறக்கை தேவைக்கு மேல் முன்னால் இருக்கிறது. தட்டைப் பின்னே இழுக்க வேண்டும். பின்காலை மிதித்து மிதித்துத்தான் எழுப்ப முடிகிறதா? முன்னே தள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ‘வழக்கமான வேகத்தில்’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. நீரைச் சந்திக்கும் கோணம் மாறாதவரை, வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். பலத்த காற்றில் பறக்கையில் முன்கால் கனப்பதை வைத்து அமைப்பை மாற்றினால், மறுநாள் இளங்காற்றில் பலகை எழும்பத் திணறும்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். தட்டு நின்ற இடத்தை மார்க்கர் கோட்டால் குறித்து வைக்கிறார்கள்; நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கோடு அந்த ஒரு இறக்கைக்கும் அந்த ஒரு குழலுக்கும் மட்டுமே செல்லும். குழலின் முன்பாதி 3 சென்டிமீட்டர் நீண்டால், தட்டு அசையாமலேயே இறக்கை 3 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். பலகையின் வால்முனையிலிருந்து தட்டுவரை அளப்பதைவிட, முன் இறக்கைவரை அளப்பதே புத்திசாலித்தனம். “இந்த இறக்கை எனக்குச் சரிப்படவில்லை” என்று புதிது வாங்கக் கிளம்புகிறவர்களில் சிலருக்கு ஓர் ஆலன் சாவி போதும் என்பது என் எண்ணம்.

பின் இறக்கைக்கு அடியில் செருகும் மெல்லிய ஆப்புகள் தனி விவகாரம். அவை இறக்கையின் கோணத்தை மாற்றுகின்றன. வேகம் கூடும்போது மூக்கு எவ்வளவு தூக்கும் என்பது அதைப் பொறுத்தது. தட்டின் இடம் சரியாகும்வரை ஆப்பைத் தொடாமலிருப்பது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

முடுக்குவதற்கு முன் தடத்திலிருக்கும் மணலை நன்னீரால் கழுவிவிடுங்கள். நாலு போல்ட்டுகளையும் குறுக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வெறியோடு முறுக்கினால் பலகையின் அடிப்பரப்பே நசுங்கும். மாஸ்ட் அலுமினியம் என்றால், அதில் இறங்கும் எஃகு போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவியாக வேண்டும். உப்புநீரில் இந்த இரு உலோகங்களும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். பிறகு அந்த போல்ட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும் தேவைப்படும்.