பழைய விமானப் படத்தில் ஊரைக் கண்டறிதல்

கடற்கரையை அடுத்த பஞ்சாயத்துகளிலிருந்து இப்போது ஒருவகை மனு அடிக்கடி வருகிறது. "எங்கள் தெருவில் மழை நீர் தேங்குகிறது. முன்பு இவ்வழியே ஓடை சென்றதாகப் பெரியவர்கள் கூறுகின்றனர். அவ்வோடை எங்கே?" என்பது அம்மனுவின் சாரம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, அந்நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பிறகு என் மேஜைக்கு வந்த இத்தகைய மனுக்கள் தனியே ஒரு கட்டாகிவிட்டன.

ஓடை எங்கே என்பதற்குப் புலப்படமும் 'அ' பதிவேடும் விடை கூறும் என்பது உண்மையே. ஆனால் காகிதத்தில் உள்ள கோட்டைத் தரையில் கண்டுபிடிப்பது எளிதன்று. வரப்பு போய், பனை மரம் போய், சர்வே கல்லும் போன இடத்தில் எதை வைத்து அளப்பது? இந்நிலையில் நமக்கு உதவும் மற்றொரு சாட்சி உண்டு. அதுவே ஆகாய விமானத்திலிருந்து முன்னாளில் எடுக்கப்பட்ட புகைப்படம். அதனைப் படிக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் நலம்.

கனகசெட்டிக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். புதுவைப் பிரதேசம் ஒரே நிலப்பரப்பாக அமைந்ததன்று. தமிழ்நாட்டு நிலத்தினூடே துண்டு துண்டாகக் கிடப்பது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வந்த அமைப்பு இது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பின்பும், 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்பும் எல்லைகள் அப்படியே நின்றன. நகருக்கு வடக்கே கோட்டக்குப்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்த பின் மீண்டும் வருகின்ற காலாப்பட்டுத் துண்டில், கடலோரமாக இருக்கிறது கனகசெட்டிக்குளம். நகரைக் காட்டும் சர்வே வரைபடத் தாள் 58 எம்/13; இவ்வூரைக் காட்டுவது 57 பி/16. நகரத்துத் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஊரைத் தேடி அலுத்தவர்களை நான் அறிவேன். அருகிலேயே கணபதிசெட்டிக்குளம் என்ற ஊரும் இருத்தலால், மேலட்டையில் பெயரைக் கண்டவுடன் நம்பிவிடுதலும் கூடாது.

ஒரு அலுவலகத்தின் பழைய கட்டுகளிடையே கிடைத்த விமானப் படம் ஒன்று எம்மிடம் வந்தது. 23 செ.மீ. சதுரம். பின்புறத்தில் மை மங்கிய 'கனகசெட்டி' என்ற எழுத்தைத் தவிர, தேதியோ அளவோ இல்லை. எல்லைக்கு இப்பாலுள்ள எமது வட்டாரத்து நிலத்தில் பெய்யும் மழையில் ஒரு பகுதி அத்துண்டு நிலத்தின் வழியாகவே கடலுக்குப் போக வேண்டியிருத்தலால், அப்படம் எமக்கும் வேண்டியதாயிற்று.

முதலில் காலம். படத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை; ஆகவே அது 1990களின் இறுதிக்கு முற்பட்டது. காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகமும் தெரியவில்லை. ஆகவே இன்னும் முற்பட்டது. கிணறுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு கருப்புப் புள்ளியையும் ஒட்டி ஒரு சிறு வெண்கோடு இருந்தது. அது கவலை ஏற்றத்தில் மாடுகள் இறங்கி ஏறும் சரிவு. பம்பு செட் வந்த பின் இச்சரிவுகள் தூர்ந்து போயின. இவ்வாறு, படத்தில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததே பல சமயங்களில் காலத்தைச் சொல்லும்.

அடுத்து நிறம். கருப்பு வெள்ளைப் படத்தில் நீர் கருப்பாகத் தோன்றும். சூரிய ஒளி நேரே பட்டால் வெள்ளியாகவும் தோன்றும். காய்ந்த கடல் மணல் எப்போதும் வெள்ளை. வெள்ளையைக் கண்டவுடன் குளம் என்று கொண்டுவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சவுக்குத் தோப்பு, ஓரம் நேராக வெட்டிய கருங்கட்டமாக இருக்கும். தென்னை நட்சத்திரம் போலப் புள்ளியிடும். ஏரியாயின், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைந்த கரை இருக்கும். நீர் மேட்டுப் பக்கமாக ஒழுங்கின்றிப் பரந்திருக்கும். தோண்டிய குளமோ நான்கு பக்கமும் ஒழுங்கானது. தூர்ந்துபோன ஓடையும் முற்றிலும் மறைவதில்லை. அதன் தடத்தில் ஈரம் தங்குவதால், சுற்று நிலத்தைவிடக் கருத்த ஒரு நெளிகோடு வயல்களைக் குறுக்கே கடந்து செல்லும். நாம் தேடுவது அதனையே.

கடற்கரையை மட்டும் அடையாளமாகக் கொள்ளலாகாது என்று எச்சரிக்க விரும்புகிறேன். இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டப்பட்ட பின், மணல் தெற்கே தடைபட்டு, வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டது. ஆகையால் படத்துக் கரையை இன்றைய கரைமேல் பொருத்தினால் ஓடையும் குளமும் இடம் மாறிவிடும். குப்பங்களின் பெயரும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26ஆம் தேதியின் ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரை நெடுகிலும் மீனவர்களுக்குப் புதிய குடியிருப்புகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன. இன்று ஒரு பெயரால் வழங்கும் தெரு, அன்று அப்பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதில்லை. மரத்தையும் நம்ப முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் இப்பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தது. கோயில், பழைய சாலையின் திருப்பம், ஏரிக்கரை ஆகியவையே நம்பத்தக்கவை.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் ஒரு நாள் முழுவதும் ஏமாந்தேன். கடல் வலப்புறம் வருமாறு படத்தை வைத்தால் வடக்கு மேலே வரும் என்று எண்ணி, குளத்தை ஒரு பக்கம் தேடி வெயிலில் நடந்தோம். கிடைக்கவில்லை. மாலையில் குப்பத்தில் ஒரு மூதாட்டியிடம் படத்தைக் காட்டினோம். முன்னாளில் மீன் கூடையைத் தலைச்சுமையாக உள்ளூர்களுக்குக் கொண்டு சென்றவர் அவர். கரையிலிருந்து மேற்கே போகும் மெல்லிய வெண்கோட்டின் மேல் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, நாங்க போற வழி சோத்துக் கைப் பக்கம் திரும்பும். இதுல பீச்சக் கைப் பக்கம் திரும்புதே?" என்றார்.

உடனே நிழல்களைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. நிழல்கள் கடலுக்கு எதிர்ப்புறம் விழுந்திருந்தன. எனவே காலை நேரம். ஆனால் அவை தென்மேற்காகச் சாய்ந்திருந்தன. காலையில் நிழல் தென்மேற்கே விழ வேண்டுமானால் சூரியன் வடகிழக்கே இருக்க வேண்டும். அது கோடையில் நிகழ்வது. படத்திலோ ஏரிகள் நிறைந்து, வயல்களில் நெற்பயிர் நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே இருத்தலால் காலை நிழல் வடமேற்கே விழும். இவ்விரண்டும் ஒத்துவரவில்லை. பிலிமைப் புரட்டி வைத்து அச்சிட்டிருந்தனர்! கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பியதும் பாதை வலப்புறம் வளைந்தது. நிழலும் வடமேற்கே சென்றது. பட்டம் பெற்ற என் கண்ணுக்குப் படாதது அந்த அம்மையாரின் காலுக்குத் தெரிந்திருந்தது. அவர் மேலும் ஓரிடத்தைத் தொட்டு, "மழைக் காலத்துல இங்க முழங்கால் தண்ணி, கூடையை இறக்க மாட்டோம்" என்றார். அவ்விடத்தில்தான் கருத்த நெளிகோடு பாதையைக் கடந்தது.

அதன் பின் அளவு. மாறாத இரு புள்ளிகளுக்கு இடையே தரையில் அளந்தோம்: 600 மீட்டர். படத்தில் 6 செ.மீ. ஆகவே 1 செ.மீ.க்கு 100 மீட்டர். படம் முழுவதும் பக்கத்திற்கு 2.3 கிலோமீட்டர். 1 மில்லிமீட்டர் பிசகினாலும் தரையில் 10 மீட்டர் பிசகிவிடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஓரங்களில் அளவு சற்று மாறுவதால், தேடும் இடம் படத்தின் நடுவில் இருப்பது நல்லது.

இத்தகைய படம் தங்கள் ஊருக்கு இல்லையே என வருந்த வேண்டியதில்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற வேவுத் துணைக்கோள்களால் உலகெங்கும் எடுத்த 8 லட்சத்திற்கு மேற்பட்ட படங்கள் 1995இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தென்னிந்தியாவும் அவற்றுள் உண்டு. அவற்றுள் சிறந்தவை சுமார் 2 மீட்டர் அளவுள்ள பொருளையும் காட்டும். குடிசை மங்கும், குளம் தெளிவாகத் தெரியும். இன்றைய நிலையை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் 'புவன்' தளத்தில் பார்த்து ஒப்பிடலாம்.

ஆனால் படம் பட்டா அன்று. அது நிலம் எப்படி இருந்தது என்பதைக் கூறுமேயன்றி, யாருடையது என்பதைக் கூறாது. ஓடைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால்தான் பஞ்சாயத்தின் வாதம் நிற்கும். புதுவைப் பத்திரங்களில் மறு சர்வே எண்ணுடன் பழைய கடாஸ்தர் எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28ஆம் தேதி அளித்த தீர்ப்பும், தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் துணை நிற்கும். எனினும், தெரியாமல் மனை வாங்கிச் சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டிய குடும்பத்தை முன்வைத்து இதனைப் பேசும்போது, படத்தை மேஜைமேல் விரித்து அவர்களையும் உட்காரவைத்துக் காட்டுவதே முறை என்பது என் கருத்து. தம் வீட்டில் ஏன் நீர் புகுகிறது என்று அறிய அவர்களுக்கே ஆவல் அதிகம்.

நெளிகோட்டைப் பின்பற்றி நாங்கள் மறுநாள் நடந்தோம். இரு மாநிலத்து நில அளவை ஊழியரும் உடன் வந்தனர். தோப்பு இருந்த இடத்தில் மனைகள். பாதை இருந்த இடத்தில் சிமெண்டுத் தெரு. கோடு புதிய சாலையைச் சந்திக்கும் இடத்தில் புதரை விலக்கியபோது, அங்கே ஒரு கல்வெர்ட்டு முக்கால் பங்கு மண்ணால் அடைந்து கிடந்தது. அதன் மேற்கு வாய்க்கு எதிரே, நான்கடி தூரத்தில், ஒரு மனைப் பிரிவின் சுற்றுச்சுவர் நின்றது. சுவரின் அடியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று பதித்திருந்தனர். சர்வேயர் சங்கிலியைப் பிடித்தார். பதிவேட்டின்படி ஓடையின் அகலத்தை அளந்து, சுவரின் இரு பக்கமும் சுண்ணாம்பால் கோடிட்டோம்.